முதல் தடவை வேண்டாம் என்பவர்

செய்தி வந்தபோது மாலை நான்கு நாற்பது. மலாக்காவை அடுத்த அலோர் காஜாவில் நான் குமாஸ்தாவாக இருக்கும் அலுவலகத்தில் அன்றைய கோப்புகளை அடுக்கி வைத்துக்கொண்டிருந்தேன். கைப்பேசியில் கணேஸ்வரன் என்ற பெயர் வந்தது. என் சித்தப்பா மருதமுத்துவைப் போல அவரும் ஆப் வழியாக வாடகைக்குக் கார் ஓட்டுகிறவர். எப்போதோ என்னிடம் ஒரு கடிதம் எழுதிக் கேட்பதற்காக என் எண்ணை வாங்கி வைத்திருந்தார். அவராக என்னை அழைத்ததில்லை.

"அகல்யா, உங்க சித்தி வீட்டுக்கு நீங்க போறீங்களா? என்னால போய்ச் சொல்ல முடியாதுலா," என்றார்.

என்ன சொல்ல வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார். கிளேபாங்கில் தேங்காய் ஷேக் விற்கும் கடைகளுக்கு எதிரே, மரநிழலில் சித்தப்பாவின் வெள்ளைக் கார் நின்றிருக்கிறது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே ஏர்கோன் குளிரடித்தபடி இருந்தது. கைப்பேசியில் ஒரு பயணியின் ஆர்டரை ஏற்றிருக்கிறார். அந்தப் பயணி ஏழு நிமிடம் காத்திருந்துவிட்டு ரத்து செய்துவிட்டார். கணேஸ்வரன் தற்செயலாகத் தண்ணீர் வாங்க அங்கே இறங்கியவர். கார் எண்ணைப் பார்த்ததும், போய்க் கண்ணாடியைத் தட்டலாம் என்று தோன்றியிருக்கிறது. இரண்டரை மாதமாக இருவருக்கும் பேச்சில்லை. இன்றைக்குப் பேசிவிடலாம் என்றுதான் தட்டினாராம்.

சித்தப்பாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. மூக்குக்கண்ணாடி கழலாமல், இருக்கை வார் போட்டபடியே இறந்துபோயிருக்கிறார்.

சித்தி சுசீலா செங்கில் ஒரு தொழிற்சாலை கேண்டினில் வேலை செய்கிறார். நான் போய்ச் சேர்ந்தபோது வேலை முடிந்து வந்து, முகம் கழுவிவிட்டு, இரவுச் சமையலுக்குக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்தார். "ஆஸ்பத்திரியா?" என்று கேட்டார். நான் இல்லை என்று தலையசைத்தேன். கீரையைத் தட்டோடு எடுத்துக் குளிர்பெட்டிக்குள் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

எட்டாம் நாள் சடங்கு முந்தாநாள் முடிந்தது. சித்தப்பாவைப் பற்றி எழுதி வைக்க வேறு யாரும் இல்லை. மகன் காந்தன் ஜொகூருக்கு வேலைக்குத் திரும்பிவிட்டான். எனக்குத் தெரிந்ததை நான் எழுதுகிறேன்.

ரெம்பியாவுக்கு அருகில் ஒரு ரப்பர் எஸ்டேட்டில், தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்து வீட்டில், ஆறு பிள்ளைகளில் கடைசியாகப் பிறந்தவர் சித்தப்பா. என் அப்பா மூத்தவர். எஸ்டேட் கைமாறி, லயத்து வீடுகளை இடித்தபோது குடும்பம் செங்குக்கு வந்தது. அங்கே ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் இருபத்து மூன்று வருடம் வேலை செய்தார். தொழிற்சாலை வேறு நாட்டுக்குப் போனது. கையில் கொடுத்த நட்டஈட்டுத் தொகையை முன்பணமாகக் கட்டி, தவணையில் கார் எடுத்தார். ஆறு வருடம் ஓட்டினார். பதினோராயிரம் பயணங்களுக்கு மேல். ஐந்து நட்சத்திரத்தில் நான்கு புள்ளி தொண்ணூற்று எட்டு. அந்த மீதி இரண்டு எங்கே போனது என்று சித்தி அடிக்கடி கேட்பார். நாய்க்குட்டியோடு ஏற வந்த ஒருவரை ஏற்றாமல் விட்டதால் என்பார் சித்தப்பா.

அவருடைய பழக்கம் ஒன்றைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல முடியாது. யார் எதைக் கொடுத்தாலும் முதல் தடவை வேண்டாம் என்பார். வேண்டும் என்றாலும் வேண்டாம் என்பார். பசியோடு ஒரு வீட்டுக்குப் போனாலும் "இப்பத்தான் சாப்பிட்டேன்" என்பார்.

இது அவருடைய குணம் என்று நான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். என் அப்பாதான் ஒருமுறை விளக்கினார். லயத்தில் ஒரு வீட்டுக்கு ஆறு பிள்ளைகளோடு போனால், அந்த வீட்டில் உள்ளவர்கள் சாப்பிடச் சொல்லாமல் இருக்க முடியாது. பானையில் சோறு இருந்தாலும் சொல்வார்கள், இல்லாவிட்டாலும் சொல்வார்கள். அதனால் முதல் தடவை வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும். இரண்டாவது தடவை கேட்டால் பானையில் சோறு இருக்கிறது என்று அர்த்தம், உட்காரலாம். கேட்காவிட்டால் எழுந்து வந்துவிட வேண்டும். யாருக்கும் அவமானம் இல்லை. வீட்டுக்கு வீடு எல்லோருக்கும் தெரிந்த ஏற்பாடு. என் அப்பா டவுனுக்கு வந்ததும் அதை விட்டுவிட்டார். சித்தப்பா விடவில்லை.

வாடகைக்கார் ஓட்டுகிறவருக்கு இது எவ்வளவு பெரிய நஷ்டம் என்பதைச் சித்திதான் முதலில் கண்டுபிடித்தார். ரொக்கமாகக் கொடுக்கும் பயணிகள் இறங்கும்போது மீதியை வைத்துக்கொள்ளச் சொல்வார்கள். சித்தப்பா பரவாயில்லை என்று சில்லறையை நீட்டுவார். அவர்கள் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். சனி ஞாயிறுகளில் சிங்கப்பூரிலிருந்து வரும் கூட்டம் நகரத்தை நிறைக்கும். அவர்களில் சிலர் பத்து வெள்ளி நோட்டை நீட்டுவார்கள். "நோ நீட், நோ நீட்" என்பார் இவர். "ஓகே அங்கிள், தேங்க்யூ" என்று நோட்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொள்வார்கள் அவர்கள். அதில் அவர்கள் தப்பு ஒன்றும் இல்லை. வேண்டாம் என்று சொன்ன மனிதரை வற்புறுத்துவது மரியாதை இல்லை என்று நினைத்திருப்பார்கள். சிலர் ஆப்பில் டிப்ஸ் போடட்டுமா என்று வாய்விட்டே கேட்பார்கள். அதற்கும் அதே பதில்தான்.

கேட்காமல் ஆப்பில் வந்து விழும் டிப்ஸை மட்டும் அவரால் மறுக்க முடியாது. மாதத்துக்கு இரண்டோ மூன்றோ வரும். வந்தால் அன்றைக்குச் சாப்பிடும்போது அந்தப் பயணி எங்கே ஏறினார், என்ன பேசினார் என்று சொல்லிக்கொண்டிருப்பார்.

"வேணாம்ங்கறதுக்குன்னு ஒரு சாமி இருந்தா, அந்தக் கோயிலுக்கு இவருதான் பூசாரி," என்று சித்தி என்னிடம் சொன்னார், அவர் காதுபடவே.

"பூசாரிக்கும் தட்டுல காசு விழும் சுசீலா," என்றார் சித்தப்பா.

"தட்ட நீட்டுனாத்தானே விழும்."

ஒரு ராத்திரிச் சாப்பாட்டின்போது சித்தி அவருக்குப் பயிற்சியே கொடுத்தார். நானும் இருந்தேன். பயணி போல ஐந்து வெள்ளி நோட்டை நீட்டி, "அங்கிள், வச்சுக்குங்க" என்றார். சித்தப்பா இருக்கட்டும் என்றார். மறுபடி நீட்டினார். மறுபடியும் வாயில் அதுவே வந்தது. மூன்றாவது தடவை தேங்க்யூ என்று சொல்லி நோட்டை வாங்கிவிட்டார். சித்தி கை தட்டினார். அந்த நோட்டைத் திருப்பி வாங்க வெகுநேரம் ஆயிற்று. பழகிக்கொள்ளச் சொன்னாயே என்று சட்டைப்பையைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

மறுநாள் காலை ரெம்பியாவிலிருந்து ஓர் ஆர்டர். பெயர் தம்புசாமி என்று வந்தது. எண்பதை நெருங்கிய மனிதர். பால் மரம் சீவிய கை. மலாக்கா பெரிய ஆஸ்பத்திரியில் மனைவி படுத்திருக்கிறார், பார்க்கப் போகிறேன் என்றார். யாரோ பக்கத்து வீட்டுப் பெண் ஆப்பில் கூப்பிட்டுக் கொடுத்திருக்கிறாள். வழியெல்லாம் இருவரும் எஸ்டேட் பெயர்களைச் சொல்லிப் பேசிக்கொண்டே வந்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரி வாசலில் இருபத்தாறு வெள்ளிக்கு மூன்று பத்து வெள்ளி நோட்டுகளைக் கொடுத்து, "மீதிய வச்சுக்க தம்பி" என்றார் பெரியவர்.

சித்தப்பாவுக்குச் சித்தியின் பயிற்சி ஞாபகம் வந்தது. நன்றிங்க ஐயா என்று சொல்லிப் பணத்தைப் பெட்டிக்குள் போட்டுவிட்டார்.

நீட்டிய கை ஒரு நொடி அப்படியே நின்றதாம். அப்போதே சித்தப்பாவுக்கு விளங்கிவிட்டது. அந்த மனிதர் லயத்துக் கணக்கில் கேட்டிருக்கிறார். முதல் தடவை. அதற்கு வேண்டாம் என்று பதில் வரும் என்று நம்பி. பெரியவர் இறங்கிப் போனார். கண்ணாடியில் பார்த்தால், வாசலில் நின்று பர்ஸைத் திறந்து உள்ளே பார்த்துவிட்டு மூடினார்.

சித்தப்பா ஆப்பை அணைத்துவிட்டுக் காரை நிறுத்தினார். பார்வையாளர் நேரம் முடியும்வரை இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். பெரியவர் வெளியே வந்து பஸ் நிறுத்தத்தைத் தேடியபோது, நானும் அந்தப் பக்கம்தான் போகிறேன் என்று சொல்லி ஏற்றிக்கொண்டு ரெம்பியாவில் கொண்டுபோய் விட்டார். இறங்கும்போது பெரியவர் பணம் நீட்டினார். வேண்டாம் என்றார். அட, வாங்கிக்க தம்பி என்றார் பெரியவர். அப்போதும் சித்தப்பா வேண்டாம் என்றார்.

"அவரு ரெண்டு தடவ கேட்டாரு. நான் ரெண்டு தடவயும் வேணாம்னுட்டேன். கணக்கு சரியாப் போச்சு," என்று வீட்டில் வந்து சொன்னார்.

"ஆமா. பெட்ரோல் டாங்கிக்குத்தான் அந்தக் கணக்கு புரியாது," என்றார் சித்தி.

அதற்குப் பிறகு அவர் யாரிடமும் முதல் தடவையில் வாங்க முயலவில்லை. சித்தியும் பயிற்சியை விட்டுவிட்டார்.

இதெல்லாம் சிரித்துப் பேசக்கூடியதாக இருந்த காலம். பிறகு கட்டணம் இறங்கியது. செங்கிலிருந்து கிளேபாங்குக்குப் போனால் முன்பு கையில் பதினொரு வெள்ளி நின்றது. அது ஒன்பதாகி, சென்ற வருடக் கடைசியில் ஏழரை ஆனது. தூரம் குறையவில்லை. பயணியை ஏற்றப் போகும் வழிக்கு ஒன்றும் கிடையாது. அவர் வரும்வரை நிற்பதற்கும் கிடையாது. பழைய வருமானத்தைப் பிடிக்க, ஒன்பது மணி நேரம் ஓட்டிக்கொண்டிருந்தவர் பதின்மூன்று மணி நேரம் ஓட்டினார். ராத்திரி வாடகை கொஞ்சம் கூடுதல் என்பதால் அந்த நாலு மணி நேரமும் ராத்திரிக்குப் போனது.

ஜனவரியில் கிளினிக்கில் அவருடைய இரத்த அழுத்தத்தைப் பார்த்த டாக்டர், இரவு ஓட்டத்தை உடனே நிறுத்தச் சொன்னார். தூக்கம் கெட்டால் மருந்து வேலை செய்யாது என்றார். நெஞ்சை வேறு சோதிக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். அதற்கான தேதி ஆறு மாதம் தள்ளிக் கிடைத்தது. கார் தவணை இன்னும் பதினாறு மாதம் இருந்தது. பழைய கட்டணம் திரும்பி வந்தால் ராத்திரி ஓட்ட வேண்டியதில்லை. வராவிட்டால் ஓட்டத்தான் வேண்டும். சித்தப்பா இதைக் கிளினிக்கிலிருந்து வந்த அன்றே சித்தியிடம் சொல்லிவிட்டார். அதற்கு மேல் அந்த வீட்டில் அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

மார்ச் மாதம் ஆப் கம்பெனி ஓட்டுநர்களை ஒரு கலந்துரையாடலுக்கு அழைத்தது. மலாக்கா நகரத்தில் ஒரு ஹோட்டல் மண்டபம். வட்டாரத்துக்கு ஒருவர் பேசலாம். செங் வட்டார ஓட்டுநர்களுக்குக் கணேஸ்வரன்தான் தலைவர் மாதிரி. முப்பத்தைந்து வயது. நன்றாகப் பேசுவார். ஆனால் அவர் சித்தப்பாவைப் பேசச் சொன்னார்.

"எனக்குக் கோவம் வந்துரும்ணே. வாயத் தொறந்தா வேற மாதிரி வார்த்தயா வரும். நீங்க சொன்னாக் கேப்பாங்க. பதினோராயிரம் டிரிப்பு, ஒரு கம்ப்ளெய்ன் கெடையாது."

சித்தப்பா முதலில் வேண்டாம் என்றார். கணேஸ்வரன் மறுபடி கேட்டார். சரி என்றார்.

பேச வேண்டியதை மலாயில் நான் எழுதிக் கொடுத்தேன். அரைப் பக்கம், மூன்று விஷயங்கள். குறைந்தபட்சக் கட்டணம், காத்திருக்கும் நேரம், ஏற்றப் போகும் தூரம். அதைச் சித்தியிடம் இரண்டு தடவை படித்துக் காட்டினார். காந்தன் தீபாவளிக்கு வாங்கித் தந்த நீல பாத்தேக் சட்டையைப் போட்டு, காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

மண்டபத்தில் நடந்ததை அவரும் சொன்னார், கணேஸ்வரனும் சொன்னார். இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தன.

கூட்டத்துக்கு முன்பு சாப்பாடு. மீஹூன் என்ற வறுத்த அரிசிச் சேமியா, உருளைக்கிழங்கு வைத்துப் பொரித்த கரிப்பாப், தேநீர். கோலாலம்பூர்த் தலைமையகத்திலிருந்து வந்தவர்களில் ஒரு தமிழ்ப் பெண் இருந்தாள். தாரணி என்று கழுத்தில் அட்டை. காந்தனைவிட இளையவள். ஓட்டுநர்களுக்கு அவளே தட்டெடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். இவ்வளவு பெரிய கம்பெனியில் நம்ம பிள்ளை ஒன்று இருக்கிறதே என்று சித்தப்பாவுக்குச் சந்தோஷம். அவள் கரிப்பாப் தட்டோடு வந்து, இன்னொன்று எடுத்துக்கொள்ளச் சொன்னாள். போதும்மா என்றார். "அட, எடுங்க அங்கிள், நெறைய இருக்கு," என்று சொல்லி அவளே ஒன்றை எடுத்து அவர் தட்டில் வைத்தாள். அவர் சாப்பிட்டார்.

பிறகு கூட்டம். முன்னால் பெரிய திரை. ஓட்டுநர்கள் சொல்வதை ஒருவர் தட்டச்சு செய்ய, அது அப்படியே திரையில் வரும். மேலதிகாரி ஒருவர் நாற்காலியில் கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். ஒலிவாங்கியைத் தாரணிதான் ஒவ்வொருவரிடமும் கொண்டுபோனாள். மலாயில் கேட்டுக்கொண்டு வந்தவள் சித்தப்பாவிடம் தமிழில் கேட்டாள்.

"அங்கிள், புது ரேட்டு உங்களுக்கு ஓகேவா? கஷ்டம் ஏதும் இருக்கா?"

சித்தப்பாவின் கை பையில் இருந்த காகிதத்தின் மேல்தான் இருந்தது. அதைக் கணேஸ்வரன் பார்த்திருக்கிறார்.

"கஷ்டம் இல்லாம இருக்குமாம்மா," என்றார் சித்தப்பா. "பரவால்ல. சமாளிச்சுக்கலாம்."

தாரணி சிரித்தாள். தேங்க்யூ அங்கிள் என்றாள். தட்டச்சு செய்பவரிடம் அதை மலாயில் சொன்னாள். ஒலிவாங்கி அடுத்தவரிடம் போனது. செங் வட்டாரம் என்ற வரிக்கு எதிரே, பெரிய பிரச்சினை இல்லை என்று மலாயில் எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்தன. சித்தப்பா அந்த வரி முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து நின்று, இல்லை, இன்னும் இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். அவருக்கு அது தோன்றவே இல்லை. அவள் மறுபடி இந்தப் பக்கம் வருவாள் என்று கூட்டம் முடியும்வரை உட்கார்ந்திருந்தார். காகிதத்தை வெளியே எடுத்து மடியில் விரித்து வைத்திருந்தாராம், தயாராக.

கார் நிறுத்துமிடத்தில் கணேஸ்வரன் கத்துவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவர் கத்தவில்லை.

"நீங்க நல்லவருதான்ணே. நல்லவர அனுப்புனது எங்க தப்புலா," என்றார். காரில் ஏறிப் போய்விட்டார். அதன் பிறகு பேசவில்லை.

மூன்று வாரம் கழித்து, கலந்துரையாடலில் கிடைத்த கருத்துகளின் அடிப்படையில் கட்டணம் இப்போதைக்குத் தொடரும் என்று எல்லோருடைய கைப்பேசிக்கும் செய்தி வந்தது. ஓட்டுநர்களின் வாட்ஸ்அப் குழுவில் யாரோ ஒருவர் ஒரு கரிப்பாப் படம் போட்டார். அதற்கு நிறையப் பேர் சிரித்தார்கள். சித்தப்பா அந்தக் குழுவை விட்டுப் போகவில்லை. ஒரு வார்த்தை எழுதவும் இல்லை. ராத்திரி ஓட்டத்தை இன்னும் ஒரு மணி நேரம் நீட்டிக்கொண்டார்.

அந்த வாரம் என் வீட்டுக்கு வந்தார். நான் எழுதிக் கொடுத்த காகிதத்தைத் திருப்பித் தந்தார். இரவல் வாங்கிய பாத்திரத்தைத் திருப்பித் தருவது மாதிரி.

"அந்தப் பொண்ணு இன்னொரு தடவ கேக்கும்னு நெனச்சேம்மா," என்றார்.

எனக்குக் கோபம் இருந்தது. டாக்டர் சொன்னது எனக்கும் தெரியும். "அது ஆபீஸ் சித்தப்பா, பந்தி இல்ல. அங்க யாரும் ரெண்டாவது தடவ கேக்க மாட்டாங்க," என்றேன்.

"கேட்டுச்சேம்மா," என்றார். "கரிப்பாப்புக்குக் கேட்டுச்சே."

நான் தேநீர் போட எழுந்தேன். வேண்டாம் என்றார். போட்டுக் கொடுத்தேன். குடித்துவிட்டு, ஓர் ஆர்டர் வந்ததும் போய்விட்டார்.

மே மாதத் தொடக்கத்தில் கம்பெனியிலிருந்து ஒரு பாரம் வந்தது, நிரப்பி அனுப்பும் படிவம். கூட்டத்துக்கு வந்த எல்லோருக்கும் அனுப்பியிருந்தார்கள். ஏழு கேள்விகள். விருப்பமுள்ளவர்கள் நிரப்பி, மாதக் கடைசிக்குள் அனுப்பலாம். மற்றவர்கள் கைப்பேசியிலேயே தட்டி அனுப்பிவிட்டார்கள், அல்லது அழித்துவிட்டார்கள். சித்தப்பா அதை என்னிடம் காகிதத்தில் அச்செடுத்துத் தரச் சொன்னார். நானே நிரப்பித் தருகிறேன் என்றேன்.

"நீ எழுதித் தந்தா அது பாக்கெட்லயே இருந்துரும்," என்றார். "நானே எழுதறேன்."

கிளிப் வைத்த அட்டையில் பாரத்தை மாட்டி, காரின் முன்பக்க இடது இருக்கையில் வைத்துக்கொண்டார். பயணி முன்னால் உட்கார்ந்தால் அட்டை டாஷ்போர்டுக்குப் போகும். இறங்கியதும் மறுபடி இருக்கைக்கு வரும். ஆர்டருக்காகக் காத்திருக்கும் நேரங்களில் எழுதினார். மலாய் நன்றாகப் பேசுவார். எழுதிப் பழக்கமில்லை. ஒரு சொல்லை எப்படி எழுதுவது என்று என்னை அழைத்துக் கேட்பார். ஒருநாள் இரவு ஓட்டம் என்பதற்கு. ஒருநாள் இரத்த அழுத்தம் என்பதற்கு. பேனாவை அழுத்தி எழுதும் சத்தம் எனக்குக் கேட்கும்.

இறந்த அன்று காலை பத்து மணிக்கும் அழைத்தார். எல்லாவற்றையும் எழுதி முடித்துவிட்டதாகச் சொன்னார். கடைசி ஒன்றுதான் பாக்கி என்றார்.

"ஒடனே ஆமான்னு போட்டா நல்லாருக்குமாம்மா?" என்று கேட்டார்.

எந்தக் கேள்வி என்று நான் கேட்கவில்லை. அலுவலக முகப்பில் நான்கு பேர் வரிசையில் நின்றிருந்தார்கள். சாயந்திரம் சொல்கிறேன் சித்தப்பா என்றேன். சரி, சரி, நீ வேலையைப் பார் என்றார்.

சவ அடக்கத்துக்கு ஓட்டுநர்கள் நிறையப் பேர் வந்தார்கள். எதிர்பார்த்ததைவிட அதிகம். குறுகிய தெருவில் கார்களை நிறுத்த இடமில்லாமல் கோயில் திடல்வரை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். அன்று மத்தியானம் செங்கில் ஆப் கார் கிடைக்கவில்லை என்று கேண்டின் பெண்கள் வந்து சொன்னார்கள். தாரணி வரவில்லை. அவளுக்குத் தெரிந்திருக்கவும் வழியில்லை.

எல்லாம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு கணேஸ்வரன் மட்டும் நின்றார். நம் வழக்கப்படி சாவு வீட்டிலிருந்து சொல்லிக்கொள்ளாமல் போக வேண்டும். அவர் போகவில்லை. சித்தியின் முன்னால் வந்து ஒரு வெள்ளை உறையை நீட்டினார். ஓட்டுநர்கள் எல்லோரும் சேர்ந்து போட்டது என்றார்.

சித்தி வேண்டாம் என்றார். அவர் வாயிலும் அதுதான் முதலில் வந்தது.

கணேஸ்வரன் கையை இழுத்துக்கொள்ளவில்லை. "வாங்கிக்குங்க அண்ணி," என்றார்.

"வேணாம் தம்பி. நீங்கள்லாம் வந்ததே போதும்."

"அண்ணி, நான் எத்தன தடவ வேணாலும் கேப்பேன்," என்றார் அவர். "இங்கயே நிக்கறேன்."

நின்றார். சித்தி அவர் முகத்தைப் பார்க்காமல் உறையை வாங்கி என்னிடம் கொடுத்தார். கணேஸ்வரன் திரும்பிப் பார்க்காமல், ஒன்றும் சொல்லாமல், தெருமுனைவரை நடந்து போய்க் காரை எடுத்தார்.

காரைக் காந்தன் கொண்டுவந்து வாசலில் நிறுத்தியிருக்கிறான். இன்னும் பன்னிரண்டு தவணை இருக்கிறது. வங்கியில் பேச வேண்டும். காரில் இருந்தவற்றை ஒரு பையில் போட்டுக் கொடுத்தார்கள். கைப்பேசித் தாங்கி, மருந்துப் பெட்டி, ஒரு துண்டு, குடை, பாரம் மாட்டிய அட்டை. காந்தன் போய்விட்டதால் மலாய் படிக்க நான்தான் இருக்கிறேன் என்று சித்தி அட்டையை மட்டும் என்னிடம் தந்தார்.

இன்றுதான் அதைப் படித்தேன். முதல் பக்கத்தில் பெயர், அடையாள அட்டை எண், கார் எண். புதிய கட்டணத்தால் சிரமம் உண்டா என்ற கேள்விக்கு உண்டு என்ற கட்டத்தில், பின்பக்கம் தெரியும்படி அழுத்திக் குறியிட்டிருக்கிறார். அதன் கீழே கொடுத்திருந்த நான்கு வரிகள் போதாமல் ஓரத்திலும் எழுதியிருக்கிறார். செங்கிலிருந்து கிளேபாங்குக்கு முன்பு எவ்வளவு, இப்போது எவ்வளவு. நிற்கும் நேரம். ஏற்றப் போகும் தூரம். டாக்டர் சொன்னது. நான் மார்ச்சில் எழுதிக் கொடுத்ததைவிட இது தெளிவாக இருக்கிறது. இரண்டு சொற்களில்தான் எழுத்துப் பிழை. ஆறு கேள்விகளுக்கும் பதில் இருக்கிறது.

ஏழாவது கேள்வி, இது குறித்து உங்களை மீண்டும் அழைத்துக் கேட்க வேண்டுமா என்பது. அதற்கு எதிரே ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள். இரண்டிலும் குறியில்லை.